தூக்குப் பாலத்தில் ஒரு சிவப்பு அட்டை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசிக்கொள்ள எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நாங்கள் முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டோம். ஹாலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு இரண்டாம் சுற்றுக் காபி குடித்தார்கள். உண்மையில் அந்த நேரத்தில் முக்கால்வாசி, ஒரு லிஃப்ட் ஏன் பாதி வழியில் நின்றுபோகிறது என்பதைப் பற்றித்தான் பேசினோம். அதுவும் நிஜ லிஃப்ட் இல்லை. கணினி விளையாட்டுக்குள் இருந்த லிஃப்ட்.

இது இரண்டாயிரத்துகளின் கடைசி வருடங்களில் ஒன்றில் நடந்தது. கடலோரத்தில் அணுசக்தி ஊழியர்களுக்கான டவுன்ஷிப்பில் அப்பாவுக்கு முதல் மாடியில் குவார்ட்டர்ஸ். நான் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு டவுன் பஸ், அங்கிருந்து கம்பெனி பஸ். என் வேலை பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்து வடிவம் கொடுக்கும் பெரிய இயந்திரங்களைப் பிரஸ் என்பார்கள். அவை நின்றுபோனால் பேனலைத் திறந்து, எந்த வயர், எந்த சுவிட்ச், எந்த ரிலே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிக்கும் என்பது போதாது. அந்த வேலையில் இருக்கும்போதுதான் நான் முழுசாக இருப்பதாகத் தோன்றும்.

கல்யாணப் பேச்சில் எனக்கு இருந்த ஒரே பயமும் அதுதான். அதற்கு முன் வந்த இரண்டு இடங்களிலும் முதல் வாக்கியம் ஒன்றே: பொண்ணு வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. இரண்டாவது வாக்கியம் வருவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒருவர், "டிசைன் பக்கம் மாறிக்கலாமே, ஏசி ரூம்" என்றார். இன்னொருவர், "ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா கூடவா போவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யாரும் வேலையை விடச் சொல்லவில்லை. அதை மெல்ல நகர்த்தி ஓரத்தில் வைக்கப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் நேராகக் கேட்டால் எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள். நல்ல பதிலை நம்பி நான் என்ன செய்வது?

கருங்குழியிலிருந்து வந்த இவர் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்த்தார். பால்கனியில் நின்றதும் இவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"நீங்க கரெக்டா என்ன வேலை பண்றீங்க?"

"பிரஸ் நின்னுபோனா ஏன் நின்னுதுன்னு கண்டுபிடிக்கறது."

"அப்படின்னா ஒரு டவுட்டு. என்கிட்ட ஒரு லிஃப்ட் இருக்கு. மூணு மாசமா நடுவுல நடுவுல நிக்குது."

"வீட்லயா?"

"கேம்ல."

நான் சிரிக்கவில்லை. "மேல போய்ச் சேர்ந்ததை மோட்டாருக்கு யார் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. நாலு செகண்ட் ஓடுன்னு வச்சிருக்கேன்."

"ஒரு ஆள் ஏறினா நாலு செகண்ட். மூணு ஆள் ஏறினா?"

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மூன்று மாதமாகத் தேடிய விடையை ஒருவர் சட்டென்று எடுத்துக் கையில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. பிறகு லிமிட் சுவிட்ச் பற்றிச் சொன்னேன். வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்ததும் பொருளே வந்து முட்டி மோட்டாரை நிறுத்தும் சிறிய சுவிட்ச் அது. நேரத்தை நம்பாதீர்கள், இடத்தை நம்புங்கள் என்றேன். அவர் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. கிளம்பும்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னாமா, நல்லா யோசிச்சே சொல்லு. ஆனா ஆடி பொறந்துட்ச்சினா ஒண்ணும் பேச முடியாது, அதுக்குள்ள சொல்லிடு. எங்க வூட்ல யாருக்கும் அவசரம் இல்ல. எனக்குத்தான் கீது."

வைகாசி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடிக்கு முன் மொத்தம் ஆறு ஞாயிறு.

மறுநாளே மின்னஞ்சலில் அந்த விளையாட்டு வந்தது. அவருடைய கணினியில் ஓடும் அதே உலகத்துக்குள் எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து நானும் நுழையலாம். அம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை. அப்பாதான், "பீச்சுல உக்காந்து பேசினா டவுன்ஷிப்பே பார்க்கும். இது நம்ம ஹால்லதானே" என்றார். முடிவில் ஒப்பந்தம் இப்படி ஆனது: ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு, ஹெட்செட் கிடையாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், அம்மா பக்கத்தில் இருப்பாள்.

அம்மா முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு ஆய்ந்தபடி உட்கார்ந்தாள்.

அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டைகள். மண் ஒரு கட்டை, கல் ஒரு கட்டை, தண்ணீரும் கட்டை கட்டையாகத்தான் ஓடும். கட்டைகளை வெட்டி எடுத்து எங்கே வேண்டுமானாலும் அடுக்கலாம். அதோடு பேட்டரிக் கட்டை, மோட்டார்க் கட்டை, தரையில் கோடு போல இழுத்துக்கொண்டே போகும் வயர், தொட்டால் சைகை கொடுக்கும் கட்டை என்று கொஞ்சம் இருந்தன. அவற்றைச் சரியாக இணைத்தால் கதவு திறக்கும், தரை நகரும், சுவர் மேலே ஏறும்.

"இதுல அந்தப் பையன் எங்க?"

"அதோ, நீலச் சட்டை."

"கை கால் எல்லாம் பெட்டி மாதிரி இருக்கே. அது என்ன, பீரோவா?"

"ஆடும்மா."

ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தான் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். அடுத்த பத்து நிமிடம் சைகையிலேயே பேசினாள்.

முதல் ஞாயிறு லிஃப்ட் சரியாயிற்று. மேலே ஒரு தொடுகட்டை, கீழே ஒரு தொடுகட்டை, அவ்வளவுதான். அவர் இருபது முறை ஏறி இறங்கினார். ஒவ்வொரு முறையும் மேலே போய், "நின்னுடுச்சு!" என்று சொன்னார்.

பிறகு பாலம். அந்த உலகத்தில் அவர் கட்டிய வீடு ஒரு தீவில் இருந்தது. அவருடைய அக்காவின் இரண்டு மகள்கள் வரும்போதெல்லாம் இந்த உலகத்தில் விளையாடுவார்களாம். கரையிலிருந்து தீவுக்கு நீந்தத் தெரியாமல் தண்ணீரில் விழுந்து அழுவார்களாம். "ஒரு பாலம் போட்டுடலாம்" என்றார். நான் தூக்குப் பாலம் போடலாம் என்றேன். பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தைத் தினமும் கடந்தவள் நான். அந்தப் பாலம் நடுவில் பிளந்து மேலே எழுந்தால் எப்படி இருக்கும் என்று பள்ளி பஸ்ஸில் உட்கார்ந்து வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். அதை எங்கேயாவது கட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா.

"எதுக்குத் தூக்கணும்?"

"கீழ படகு போக."

"படகு இல்லையே."

"அது உங்க பொறுப்பு."

நாங்கள் இருவரும் வேலை செய்யும் விதம் எவ்வளவு வேறு என்பது இரண்டாவது ஞாயிறு தெரிந்தது. நான் கட்டம் போட்ட தாளில் வரைந்து, வயர்களுக்கு எண் கொடுத்து, எத்தனை கட்டை வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மோட்டார் இரண்டு, தொடுகட்டை நான்கு, பேட்டரி ஒன்று, மாற்று பேட்டரி ஒன்று. நான் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் அவர் இடது பக்க மோட்டாரை வைத்து வயரும் இழுத்துவிட்டார். எல்லா வயரும் சிவப்பு.

"ஏன் எல்லாம் ஒரே கலர்?"

"அது கைல இருந்துச்சு."

"நாளைக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். போட்டுப் பாப்போங்க, ஓடலைன்னா மாத்திக்கலாம்."

போட்டுப் பார்த்தோம். சுவிட்சை அழுத்தியதும் இடது பக்கம் விருட்டென்று எழுந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. பாலம் சாய்ந்து, அதன் மேல் எப்படியோ வந்து நின்றிருந்த ஓர் ஆடு காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. அதன் பிறகுதான் வலது பக்கம் சாவகாசமாக எழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் அம்மா கீரையைக் கீழே கொட்டிவிட்டாள்.

"மெதுவாடி. கீழ் வீட்டுக்குக் கேட்கும்."

காரணம் எளிது. அந்த உலகத்தில் மின்சாரம் வயரில் கட்டை கட்டையாகத்தான் ஊரும். அவர் இடது மோட்டாருக்கு ஆறு கட்டை நீளத்தில் வயர் போட்டிருந்தார். வலது பக்கத்துக்கு மலையைச் சுற்றி இருபத்திரண்டு. நான் இடது வயரையும் வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டி இருபத்திரண்டு ஆக்கினேன். அடுத்த முறை இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்தன.  ஸ்பீக்கரில், "அழகா இருக்குங்க" என்று கேட்டது. அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாலத்தைச் சொல்றார்ம்மா" என்றேன்.

"பாலத்தைத்தான் சொன்னேன் ஆன்ட்டி" என்றார் அவர்.

மூன்றாவது ஞாயிறு அசடு வழிந்தது நான். பாலத்தை இயக்குவதற்கான சுவிட்சை நான் வைப்பதாகச் சொல்லியிருந்தேன். யோசிக்காமலே, கை தன் பழக்கத்தில் வைத்தது: இந்தத் தூணில் ஒரு பொத்தான், அந்தத் தூணில் ஒரு பொத்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பாலம் நகரும். எங்கள் ஷாப்பில் எல்லாப் பிரஸ்ஸும் அப்படித்தான். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் இயந்திரத்துக்குள் மாட்டாது.

முதல் பொத்தானை அழுத்தினேன். அடுத்த தூணுக்கு ஓடி இரண்டாவதை அழுத்தினேன். பாலம் அசையவில்லை. இன்னும் வேகமாக ஓடினேன். அசையவில்லை. நான்காவது முறை ஓடியபோது ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது.

"ஒரு டவுட்டு கேட்கலாமா?"

"கேளுங்க."

"உங்க பாலத்துக்கு ரெண்டு கை வேணும். இந்த ஊர்ல மொத்த ஜனத்துக்கும் ஒரு கைதான்."

நான் திரையைப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பெட்டி மனிதனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்த முடியும். மூன்று வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்தவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. நான் ஏன் அப்படி வைத்தேன் என்று விளக்கினேன். விரல் போனவர்களை எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "அப்ப இருக்கட்டும். ரெண்டு பேரா அழுத்திக்கலாம்" என்றார்.

"வேணாம். நான் இல்லாதப்போ உங்க அக்கா பொண்ணுங்க எப்படிப் போவாங்க?" என்று சொல்லி நானே ஒன்றாக மாற்றினேன்.

அம்மா அதற்குள் கீரையை மறந்துவிட்டிருந்தாள். "தூண் உயரம் பத்தலைடி. கோபுரம் மாதிரி வை" என்று ஸ்பீக்கருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார். "என்னம்மா, என்ன தோணுது?"

"நல்லவரா இருக்கார்ப்பா. ஆனா நல்லவரா இருக்கறது சிரிச்சுப் பேசும்போது எல்லாருக்கும் வரும்."

"வேற எப்படித்தான் பார்க்கணும்ங்கற?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிறு போய்விட்டது, மூன்று மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

நான்காவது ஞாயிறு பாலத்தின் மின்இணைப்பை முழுக்கப் பிரித்து மறுபடி போட்டேன். அவருடைய ஒரே சிவப்பு வயர்களை எடுத்துவிட்டு ஏறுவதற்கு மஞ்சள், இறங்குவதற்கு நீலம் என்று மாற்ற வேண்டியிருந்தது. பிரிப்பதற்கு முன் பாலத்தைத் தூக்கி நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு பெயர்ப் பலகைக் கட்டையைச் சிவப்பாக்கி மாட்டினேன். 'வேலை நடக்கிறது. தொடாதீர்கள்' என்று எழுதி, கீழே என் பெயர்.

"இது எதுக்கு?"

எங்கள் ஷாப்பின் வழக்கத்தைச் சொன்னேன். பிரஸ்ஸுக்குள் வேலை செய்யப் போகிறவர் மெயினை அணைத்துவிட்டுத் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டுவார். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். உற்பத்தி நிற்கிறது என்று மேலதிகாரியே வந்து கத்தினாலும் வேறு ஒரு கை அந்த அட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போய்விடும். ஏனென்றால் உள்ளே ஓர் ஆள் இருக்கலாம்.

"கேம்ல யாருக்குங்க ஷாக் அடிக்கப் போகுது?"

"யாருக்கும் இல்ல. வழக்கம். மாட்டலைன்னா எனக்குக் கை ஓடாது."

"சரி, மாட்டுங்க" என்றார்.

பதினொன்றரைக்கு வயர் எல்லாம் போட்டு முடித்தேன். சோதித்துப் பார்ப்பதற்குள் போன் அடித்தது. எங்கள் ஷாப்பில் ஞாயிறு விடுமுறைதான். ஆனால் மெயின்டெனன்ஸில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். அன்று என் முறை. மறுநாள் காலை ஓட வேண்டிய பெரிய பிரஸ்ஸில் எண்ணெய் பம்ப் எரிந்துவிட்டது. "போகணும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்கக் கூட நிற்கவில்லை.

பம்ப் எரிந்ததோடு போகவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த பிரஸ்ஸைப் பிரித்துப் போட்டிருந்தோம். அடுத்த ஞாயிறும் நான் தொழிற்சாலையில்தான். நடுவில் அவரிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: பாலம் முடிஞ்சிடுச்சா? பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கையால் பதில் அனுப்பினேன்: இன்னும் டெஸ்ட் பண்ணலை.

என்னோடு வேலை செய்த எலெக்ட்ரீஷியன் செங்கல்பட்டுக்காரர். ஸ்பானரை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னா மேடம், மாப்ளைக்கு இன்னா சொன்னீங்க? ஆடி வந்துகினே கீது."

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணே."

"ஒரு ரிலே போச்சுனா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிக்கிறீங்கோ. ஒரு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மாசமா? அந்தாளு பேஜாராயி வேற வூடு பாத்துடப் போறாரு, சொல்லிட்டேன்."

"ரிலேன்னா மீட்டர் வச்சுப் பார்க்கலாம் அண்ணே."

"அதுவும் சர்தான்" என்று ஒப்புக்கொண்டு அடுத்த ஸ்பானரை எடுத்தார்.

ஆறாவது ஞாயிறு. மறுநாள் திங்கள் போனால் செவ்வாயன்று ஆடி பிறக்கிறது. அவருடைய அம்மா வெள்ளிக்கிழமையே போன் செய்து, "இன்னா சொல்ச்சி உங்க பொண்ணு?" என்று கேட்டுவிட்டார். அம்மா, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்லிடுறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்பே உள்ளே நுழைந்தேன். அவர் இன்னும் வரவில்லை.  கரையில், என் பாலத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு கல் பாதை. எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல். அது வளைந்து வளைந்து வடக்குப் பக்கம் குன்றின் பின்னால் போய் மறைந்தது. சரி, என் பாலம் ஓடவில்லை, இவர் தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். இனி அந்தப் பாலம் அங்கே ஓர் ஓரத்தில் நிற்கும். யாரும் அதை இடிக்க மாட்டார்கள். யாருக்கும் அது தேவையும் இருக்காது. எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். ஏசி ரூம் என்று அதற்குப் பெயர்.

பாலத்துக்குப் போனேன். நான் விட்டுப்போன நிலையிலேயே, தூக்கிய கோலத்தில், அசையாமல் நின்றது. மெயின் சுவிட்சில் என் சிவப்பு அட்டை.

 வயர் வேலை முடிந்துவிட்டது, டெஸ்ட் மட்டும்தான் மிச்சம். நான் அன்றே முடித்துவிட்டேன். போன் வந்த அவசரத்தில் அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். இரண்டு வாரமாக அது அங்கே தொங்குகிறது. அதற்குப் பிறகுதான் கல் பாதையைத் திரும்பிப் பார்த்தேன்.

நடந்தேன். பாதை குன்றைச் சுற்றி வடக்கே போய், ஆழம் குறைந்த இடத்தில் கடலைக் கடந்து, சின்னச் சின்னத் திட்டுகளைத் தொட்டுத் தொட்டு, தீவின் பின்பக்கமாக ஏறியது. ஒவ்வொரு கல்லும் கையால் வைத்தது. பாலத்தில் ஆறு நொடியில் போகும் தூரத்துக்கு இந்த வழியில் நாலு நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். குட்டிப் பெண்கள் விழாமல் இருப்பதற்காக. திருப்பங்களில் விளக்கு. முதல் திருப்பத்தில் ஒரு பலகை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார்: 'பாலத்துல வேலை நடக்குது. சுத்திப் போங்க. திட்டக் கூடாது.'

"வந்துட்டீங்களா" என்றது ஸ்பீக்கர். நீலச் சட்டை பாதையின் தீவு முனையில் நின்றது.

"இது எப்பப் போட்டீங்க?"

"போன வாரம். அக்கா பொண்ணுங்க வந்திருந்தாங்க. பாலம் பாலம்னு ஒரு மாசமா சொல்லி வச்சிருந்தேனா, வந்து பார்த்தா அட்டை தொங்குது. ஒரே அழுகை. நீங்க வேற இன்னும் டெஸ்ட் பண்ணலைன்னு அனுப்பியிருந்தீங்க. அதான், சனிக்கிழமை முழுக்க உக்காந்து இதைப் போட்டேன்."

"அட்டையை எடுத்துட்டு சுவிட்சைப் போட்டிருக்கலாமே. கேம்தானே."

"ரெண்டு தடவை கை அது பக்கம் போச்சு. பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பேரு எழுதியிருந்துச்சு. மாட்டினவங்கதான் கழட்டணும்னு சொன்னீங்க."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"வேலை அன்னிக்கே முடிஞ்சிடுச்சு. நான்தான் அட்டையைக் கழட்ட மறந்துட்டேன்."

   ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு தொடங்கி, பெரிதாகி, நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வரை போனது.

"அய்யோ! ஆயிரம் கல்லுங்க! ஒரு நாள் பூரா! கட்டை விரல் வீங்கிப்போச்சு!"

"சாரி."

"சாரி இருக்கட்டும். உங்க ஷாப்ல அட்டையை மறந்துட்டா என்ன பண்ணுவாங்க?"

"மறந்தவங்க அந்த ஷிப்டுக்கே டீ வாங்கித் தரணும். அத்தனை பேருக்கும்."

"சூப்பர். எப்ப வாங்கித் தரப் போறீங்க?"

நான் திரையைப் பார்த்தேன். இடுப்பளவு கைப்பிடிச் சுவர் வைத்த, நாலு நிமிட நீளமுள்ள அந்தப் பாதையை. எனக்கு மீட்டர் தேவைப்படவில்லை.

"ஆவணியில" என்றேன்.

"ஆவணியா? டீ வாங்கித் தர எதுக்கு ஆவணி வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.  பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "எத்தனை பேருக்கு?"

"உங்க பக்கம் எத்தனை பேர்னு லிஸ்ட் அனுப்புங்க. எங்க பக்கம் நான் எழுதிடறேன்."

என் பின்னால் கீரைத் தட்டு விழும் சத்தம் கேட்டது. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். ஸ்பீக்கரின் அந்தப் பக்கத்திலும் யாரோ ஓடி வரும் சத்தம்.

"இன்னாடா? இன்னா சொல்ச்சி அந்தப் பொண்ணு?"

"ஆவணியில நம்ம எல்லாருக்கும் டீ வாங்கித் தராங்களாம்மா."

"டீயா? டீ இன்னாத்துக்குடா? சோறு போடச் சொல்லு!"

நான் சிரித்துக்கொண்டே அதே பாதையில் திரும்பிப் பாலத்துக்கு நடந்து போய், என் பெயர் எழுதிய அட்டையைக் கழற்றி, சுவிட்சைப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கீழே இறங்கின. நீலச் சட்டை தீவுக் கரையிலிருந்து ஓடி வந்து கொண்டிருந்தது.